ஒரு சொல்லில் எத்தனை ஒலி?

'ரிச்' என்றால் பணக்காரர். 'பிட்ச்' என்றால் கிரிக்கெட் ஆடுகளம். இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் வாய்விட்டுச் சொல்லி, எதில் ஒலிகள் கூடுதல் என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் படித்தவர்களில் பலர் 'பிட்ச்' என்பார்கள். நடுவில் ஒரு 'ட்' கேட்கிறதே! உண்மையில் இரண்டிலும் மும்மூன்று ஒலிகள்தான். முதல் ஒலியை நீக்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டிலும் ஒன்றே. ஆங்கிலப் பாட்டில் இவற்றை இயைபாக வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேறுபாடெல்லாம் எழுத்துக்கூட்டலில்தான். ஒன்றில் 'டி' என்ற எழுத்து நுழைந்திருக்கிறது, மற்றதில் இல்லை. தமிழில் எழுதும்போதும் பிட்சுக்கு ஒரு 'ட்' கொடுக்கிறோம், ரிச்சுக்குக் கொடுப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் லின்னியா ஏரியும் லீ வில்ஸும் நான்காம் வகுப்புக் குழந்தைகளை இத்தகைய சொற்களின் ஒலிகளை எண்ணச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டல் தெரிந்த குழந்தைகள் 'பிட்ச்' போன்ற சொற்களில் இல்லாத ஒலியையும் சேர்த்து எண்ணினார்கள் என்று 1980இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது.

காது ஒலியைக் கேட்கிறது, எழுத்து அதைப் பதிவு செய்கிறது என்பது நம் பொதுவான நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. சொல்லுக்குள் தனித்தனியாக ஒலிகள் இருக்கின்றன என்ற எண்ணத்தையே பெருமளவுக்கு எழுத்துதான் நமக்குக் கொடுத்திருக்கிறது. இது வகுப்பறைக்கு மிக முக்கியமான செய்தி. 'இந்தச் சொல்லில் என்னென்ன ஒலிகள் இருக்கின்றன, சொல்' என்று ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தையிடம் கேட்கும் ஆசிரியர், அதன் காதைச் சோதிப்பதாக நினைக்கிறார். காது நன்றாகத்தான் இருக்கிறது. குழந்தை இதுவரை ஒருமுறையும் கவனித்திராத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார் அவர். அந்தக் கண்டுபிடிப்புக்கு உதவி வேண்டும். அந்த உதவியும் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சிறிது காலத்துக்கு மட்டும் தரப்படவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இரண்டு கலைச்சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'பல்', 'கல்' என்ற சொற்களைப் பொருளில் பிரிப்பது முதலில் வரும் ப், க் என்ற ஒலிகள். இப்படிப் பொருளை மாற்றவல்ல மிகச் சிறிய ஒலி அலகை மொழியியலில் ஒலியன் என்கிறோம். ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒரு மூச்சுத் துண்டு அசை. 'பம்பரம்' மூன்று அசை. யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசையை இங்கே நினைக்க வேண்டாம்.

இனி, காற்றில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்கு அச்செழுத்தை ஒலியாக்கித் தரும் கருவியைச் செய்ய 1940களில் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகம் முயன்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனி ஓசை. ஓசைகளை வரிசையாகக் கேட்டால் சொல்லைப் படித்துவிடலாம் என்பது திட்டம். எவ்வளவு பழகியவர்களுக்கும் வேகம் கைகூடவில்லை. சாதாரணப் பேச்சில் நொடிக்குப் பத்து, பதினைந்து ஒலியன்கள்கூடக் கடந்து போகின்றன. அதே வேகத்தில் தனித்தனி ஓசைகளை ஓடவிட்டால் காதில் விழுவது வெறும் இரைச்சல். அப்படியானால் பேச்சு மட்டும் எப்படிப் புரிகிறது? ஆய்வகத்தில் இருந்த ஆல்வின் லிபர்மனும் பிராங்க்ளின் கூப்பரும் பேச்சொலியையே படமாக்கி ஆராயத் தொடங்கினார்கள். 'டி', 'டு' என்ற அசைகளை ஒலிநாடாவில் பதிந்து, உயிரொலியைப் பின்னாலிருந்து சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வந்தால், கடைசியில் மெய்யொலி மட்டும் தனியாகக் கிடைக்க வேண்டும் அல்லவா? கிடைக்கவில்லை. உயிரொலி கேட்கும்வரை அசை முழுதாகக் கேட்டது. அதன்பின் எஞ்சியது பேச்சாகவே தோன்றாத ஒரு கீச்சு. இரண்டு அசைகளின் தொடக்கமும் நம் காதுக்கு ஒரே மெய்யாகக் கேட்டாலும், ஒலிப்படத்தில் ஒன்று மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் வளைந்திருந்தது.

காரணம் வாயில் இருக்கிறது. 'சூடு' என்று சொல்ல முற்படும்போது, முதல் ஒலி பிறப்பதற்கு முன்பே உதடுகள் குவிந்துவிடுகின்றன; 'சீடை' என்று சொல்லும்போது அதே மெய்க்கு உதடுகள் விரிந்திருக்கின்றன. கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியும். அடுத்து வரப்போகும் உயிரொலியை நாவும் உதடும் முன்கூட்டியே தொடங்கிவிடுகின்றன. முடிந்துபோன மெய்யின் சாயல் அந்த உயிரொலியில் நீடிக்கிறது. இதை உடனொலிப்பு என்று சொல்லலாம். அரைத்துக் கரைத்த இட்லி மாவில் எங்கே கோடு போட்டாலும் இந்தப் பக்கம் அரிசி, அந்தப் பக்கம் உளுந்து என்று பிரிக்க முடியாது. இரண்டும் எல்லா இடத்திலும் இருக்கின்றன. ஒலியன்களும் அசைக்குள் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன. மெய்யெழுத்தின் இயக்கம் அகரத்தோடு சேர்ந்தே நிகழும் என்று தொல்காப்பியர் விதித்ததன் பின்னால் இத்தகைய கவனிப்பு இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

அப்படியானால் ஒலியன் என்பதே எழுத்தறிந்தவர்களின் கற்பனையா? இல்லை. 1971இல் பீட்டர் ஐமாஸும் அவர் குழுவினரும் ஒரு மாதக் குழந்தைகளையும் நான்கு மாதக் குழந்தைகளையும் சோதித்தார்கள். குழந்தையின் வாயில் ஒரு ரப்பர் காம்பு. அது உறிஞ்சும் வேகத்தைக் கருவி அளக்கும். ஒரே அசையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துப்போய் உறிஞ்சும் வேகம் குறையும். புதிதாக எதையாவது கேட்டால் கூடும். 'பல்' என்பதில் வரும் வல்லொலி ப-வுக்குப் பதிலாக, 'பஸ்' என்பதில் வரும் மெல்லிய ப-வை ஒலிக்கச் செய்தபோது வேகம் கூடியது. பேச்சே வராத குழந்தைகள் அந்த வேறுபாட்டை உணர்கிறார்கள். ஆக, ஒலியன் வேறுபாடுகளைப் பயன்படுத்துவது வேறு, ஒலியனைத் தனிப்பொருளாக எடுத்து எண்ணுவது வேறு. முன்னது எல்லா மனிதருக்கும் தானாக வருகிறது. பின்னதை 'ஒலியன் உணர்வு' என்கிறார்கள். அது தானாக வருவதில்லை.

எப்படித் தெரியும்? 1974இல் இசபெல் லிபர்மனும் சக ஆய்வாளர்களும் நான்கு முதல் ஆறு வயதுவரையிலான குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். சொல்லைக் கேட்டு, அதில் எத்தனை துண்டுகளோ அத்தனை முறை மேசையைத் தட்ட வேண்டும். ஒரு பிரிவினர் அசைகளுக்குத் தட்டினார்கள், மற்றொரு பிரிவினர் ஒலியன்களுக்கு. நான்கு வயதில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். ஒலியன்களைத் தட்டியவர்கள் ஒருவர்கூட இல்லை. ஐந்து வயதில் ஒலியன்களைத் தட்டியவர்கள் 17 விழுக்காடு. ஆறு வயதில், அதாவது முதல் வகுப்பின் முடிவில், அது 70 விழுக்காடாகத் தாவியது. அந்த ஓராண்டில் நடந்தது என்ன? மூளை முதிர்ந்தது என்றும் சொல்லலாம், படிக்கக் கற்றார்கள் என்றும் சொல்லலாம். குழந்தைகளை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண்பது கடினம். இரண்டும் ஒரே வயதில் நடக்கின்றன.

வயது முதிர்ந்தும் எழுத்தறியாதவர்களிடம் போனால் இந்த முடிச்சு அவிழும். ஜோசே மொராய்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1979இல் போர்ச்சுகலில் அதைத்தான் செய்தார்கள். ஒரே விதமான கிராமப்புறச் சூழலில் வளர்ந்த பெரியவர்கள். சிலர் பள்ளிக்கே போகாதவர்கள், சிலர் முதியோர் கல்வியில் படிக்கக் கற்றவர்கள். கேட்ட சொல்லின் தொடக்கத்தில் ஓர் ஒலியைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டும். பொருளற்ற சொற்களைக் கொடுத்தபோது எழுத்தறியாதவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாகச் சொல்லவில்லை. படித்தவர்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். எழுத்தறியாதவர்களுக்கு அறிவுக் குறைவு என்று இதற்குப் பொருள் கொண்டுவிடக் கூடாது. எந்தப் படிப்பறிவு என்பதும் முக்கியம். 1986இல் சீனாவில் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. மரபான சீன எழுத்தை மட்டுமே படிக்கத் தெரிந்த பெரியவர்களால் ஒலியனைச் சேர்க்கவோ நீக்கவோ முடியவில்லை. ரோமன் எழுத்தில் ஒலியை எழுதும் பின்யின் முறையையும் படித்தவர்களுக்கு அது எளிதாக வந்தது. இரு சாராரும் எழுத்தறிந்தவர்கள்தான். ஒலியனுக்கு ஒரு குறி தரும் எழுத்துமுறை எவரிடம் இருந்ததோ, அவரிடமே ஒலியன் உணர்வும் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். படிக்கக் கற்றால் ஒலியன் உணர்வு தானே வந்துவிடும் என்றால், அதற்கெனத் தனியாகப் பாடம் எதற்கு? ஆங்கிலத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாமே! இதற்கு விடை, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது. இங்கிலாந்தில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் ஒலிகளை வகைப்படுத்துவதில் பின்தங்கிய 65 சிறு குழந்தைகளைப் பிரித்துப் பயிற்சி தந்தார்கள். ஒரு குழுவுக்கு, கோழிப் படமான 'ஹென்'னோடு தொப்பிப் படமான 'ஹேட்'டைச் சேர்த்து முதல் ஒலி ஒன்று என்று காட்டும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதே பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளும். மூன்றாம் குழுவுக்கு அதே படங்கள், ஆனால் கோழியும் பன்றியும் பண்ணை விலங்குகள் என்று பொருளால் சேர்க்கும் பயிற்சி. நான்காவது குழுவுக்கு ஒன்றுமில்லை. இந்த மூன்றாம் குழு இருப்பதுதான் ஆய்வின் அழகு. ஆசிரியரின் தனிக்கவனம் கிடைத்ததால்தான் முன்னேறினார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டு ஆண்டுகளில் பரவலாக 40 அமர்வுகள். 1983இல் வெளியான முடிவில், எழுத்துகளோடு ஒலிப்பயிற்சி பெற்றவர்கள் வாசிப்பில் தெளிவாக முன்னே நின்றார்கள். ஒலிப்பயிற்சி மட்டும் பெற்றவர்களும் பொருளால் வகைப்படுத்தியவர்களைவிடச் சற்று மேலேதான் இருந்தார்கள். ஆனால் அந்த இடைவெளி தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

டென்மார்க்கின் பார்ன்ஹோம் தீவில் நடந்த ஆய்வை, எழுத்தில்லாமலே ஒலிப்பயிற்சி போதும் என்னும் எதிர்த்தரப்பினர் காட்டுவார்கள். அங்கே அப்போது முறையான வாசிப்புப் பாடம் ஏழு வயதில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் எட்டு மாதங்கள், எழுத்தே காட்டாமல், வெறும் ஒலி விளையாட்டுகள் மட்டும் வைத்தார்கள்: இயைபுப் பாட்டு, அசை தட்டுதல், பிறகு ஒலியன். பள்ளியில் சேர்ந்த பிறகு அக்குழந்தைகள் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்று 1988இல் லண்ட்பெர்க் குழு அறிவித்தது. எழுத்தில்லாமலும் முடியும் என்பதற்கு இது சான்றுதான். ஆனால் நாள் தவறாமல் எட்டு மாதம் என்ற விலையைக் கவனியுங்கள். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் 52 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எழுத்துகளோடு சேர்த்துத் தந்த பயிற்சி கூடுதல் பயன் தந்தது. ஒரே நேரத்தில் பல திறன்களைப் புகட்டுவதைவிட ஒன்றிரண்டில் ஊன்றி நின்றது நல்லது. மொத்தம் 5 முதல் 18 மணி நேரப் பயிற்சி, அதைவிட நீண்ட பயிற்சிகளைவிட நல்ல பலன் தந்தது. ஒரு முழு ஆண்டுக்கான 'ஒலிப் பாடத்திட்டம்' என்று விற்கப்படும் தடித்த புத்தகங்களை வாங்குமுன் இந்த எண்ணை நினைவில் கொள்வது நல்லது.

இவையெல்லாம் தாய்மொழியில் படித்த குழந்தைகளைப் பற்றியவை, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். லண்டனின் கிழக்குப் பகுதியில் மொராக் ஸ்டுவர்ட் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். 112 ஐந்து வயதுக் குழந்தைகளில் 96 பேருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. 12 வாரங்கள் ஒலியையும் எழுத்தையும் இணைத்துக் கற்றவர்கள், பெரிய கதைப்புத்தகங்களை வைத்துக் கற்றவர்களைவிட ஒலியன் உணர்விலும் வாசிப்பிலும் எழுதுவதிலும் முந்தினார்கள்.

தமிழ்க் குழந்தைக்கு இது தேவையா? உயிர், மெய், உயிர்மெய் என்று பிரித்து, 'க் + அ = க' என்று முதல் வகுப்பிலேயே ஒப்பிக்கும் பிள்ளைகள் அல்லவா நம் பிள்ளைகள்? புள்ளி வைத்த மெய் ஒன்று தனியாக இருப்பதும், பின்னால் பகுபத உறுப்பிலக்கணத்தில் 'படி + த் + த் + ஆன்' என்று ஒலியன்வரை அறுப்பதும் உண்மையிலேயே பெரிய முதலீடு. ஆனால் ஒப்பித்தலும் காதால் கேட்ட சொல்லைப் பிரித்தலும் ஒன்றல்ல. எழுதும்போது குழந்தை 'கா' என்பதை ஒரே வடிவமாகத்தான் பயில்கிறது. தமிழைப் போலவே உயிர்மெய் முறையில் எழுதப்படும் கன்னடத்தில் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், அசை உணர்வு விரைவாகவும் ஒலியன் உணர்வு மிக மெதுவாகவும் வளர்வதை 2007இல் காட்டினார். தமிழ் எழுத்தறிவு ஒலியனை எட்டும் தொலைவில் கொண்டுவந்து வைக்கிறது. எடுத்துக் கையில் கொடுப்பதில்லை.

இன்னொரு சிக்கல், இரண்டு மொழிகளும் ஒலியை வெவ்வேறு இடத்தில் பிரிப்பது. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. இரண்டாவதுதான் ஆங்கிலத்தின் 'பஸ்', 'பால்' (பந்து) என்பவற்றில் வரும் ஒலி. வாய்க்கு இரண்டும் தெரியும். தமிழில் இடத்தைப் பொறுத்து மாறும் இந்த மாற்றொலிகள் சொல்லின் பொருளைப் பிரிப்பதில்லை என்பதால், நாம் அவற்றை ஒன்றாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆகவே புதிய ஒலியை நாவுக்குப் பழக்குவதைவிட, ஏற்கெனவே நாவில் உள்ள ஒலியைச் சுட்டிக்காட்டுவதே இங்கே ஆசிரியரின் வேலை. சொல் முடிவில் கதை வேறு. தமிழில் வல்லின மெய் சொல்லுக்கு இறுதியில் நிற்காது. 'கப்' வீட்டில் 'கப்பு' ஆகிவிடுகிறது, தொடக்கக் கூட்டொலியால் 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகிறது. 'கப்பு' என்று சொல்லும் குழந்தை 'கப்' என்ற சொல்லில் நான்கு ஒலி என்று எண்ணினால், தான் சொல்லும் சொல்லைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. இது நாவின் சோம்பல் மட்டும் இல்லாமலும் இருக்கலாம்: 1999இல் இமானுவேல் டுப்பூவின் குழு, மெய்களுக்கு இடையே இல்லாத 'உ'வை ஜப்பானியர்கள் காதாலேயே கேட்பதைக் காட்டியது, அதே ஒலிப்பதிவைக் கேட்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்படிக் கேட்கவில்லை. ஜப்பானிய முடிவைத் தமிழுக்கு அப்படியே மாற்றிவிட முடியாது என்றாலும், பிழையைத் திட்டுவதற்கு முன் யோசிக்க வைக்கும் முடிவு அது.

கற்பிக்கும் வழிக்கு வருவோம். 'சி, ஏ, டி' என்று எழுத்துகளின் பெயரைப் பாட்டாகப் பாடிவிட்டுப் பூனையின் பெயரைச் சொல்லும் பழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றியிருக்கிறது. அந்தப் பெயர்களைச் சேர்த்தால் அந்தச் சொல் வராது. 'கெ, எ, டெ' என்று மெய்களுக்குப் பின்னால் ஓர் உயிரொலியை ஒட்டிச் சொன்னாலும் வராது. உடனொலிப்பு இருப்பதால் க், ட் போன்ற வெடிப்பொலிகளைத் தனியே ஒலிக்கவே முடியாது. எனவே அவற்றிலிருந்து தொடங்கக் கூடாது. இழுத்து ஒலிக்கக் கூடியவற்றில் தொடங்கலாம்: ஸ், ம், ஃப், ன். சூரியனுக்கான 'ஸன்' என்பதை 'ஸ்ஸ்ஸ்…அ…ன்ன்ன்' என்று இழுத்தால் ஒலிகள் ஒன்றிலிருந்து ஒன்றாக வழுக்கிச் செல்வதைக் குழந்தை கேட்கும். தமிழ்ப் பள்ளிகள் மெய்யை 'இக், இங், இச்' என்று முன்னால் உயிர் வைத்துச் சொல்லும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்; மெய் வாலில் உயிர் ஒட்டாமல் முடிகிறது. ஆங்கில ஆசிரியர்கள் இதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு வியப்புதான்.

எண்ணுவதற்கு, சோவியத் உளவியலாளர் தானியேல் எல்கோனின் பெயரால் வழங்கும் கட்டங்கள் இன்றும் சிறந்தவை. படத்துக்குக் கீழே சில கட்டங்கள். சொல்லை மெல்லச் சொல்லிக்கொண்டே ஒலிக்கு ஒரு காய் வீதம் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். புளியங்கொட்டை போதும். மீனுக்கான 'ஃபிஷ்' நான்கு எழுத்து, ஆனால் மூன்று கட்டம். பெட்டிக்கான 'பாக்ஸ்' மூன்று எழுத்து, ஆனால் நான்கு கட்டம். நொடியில் மறைந்துபோகும் ஒலியைக் கண்ணெதிரே நிறுத்தி வைப்பதே இந்தக் காய்களின் வேலை. சில நாளிலேயே காய்களை எடுத்துவிட்டு எழுத்துகளை வைத்துவிட வேண்டும்; 'ஷ்' ஒலிக்கு எஸ், எச் இரண்டும் ஒரே கட்டத்தில் அமரும்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் இவ்வளவு தாறுமாறாக இருக்கையில் ஒலியை அறிந்து என்ன பயன் என்ற கேள்விக்குச் சொற்களைப் பிரித்துப் பார்த்தாலே விடை கிடைக்கும். 'சொன்னான்' என்ற பொருளில் வரும் 'செட்' விதிமீறலுக்குப் பெயர்பெற்ற சொல். அதில் முதல் மெய்யும் கடைசி மெய்யும் ஒலிப்படியே எழுதப்படுகின்றன; நடுவில் உள்ள உயிர்தான் தகராறு செய்கிறது. தீவுக்கான 'ஐலண்ட்' சொல்லிலும் ஒலிக்காத ஓர் எஸ்தான் பெரிய தொல்லை. ஒலியைப் பிரிக்கத் தெரிந்த குழந்தைக்கு மனப்பாடம் செய்யவேண்டிய பகுதி சிறியது. தெரியாத குழந்தைக்கு முழுச் சொல்லும் மனப்பாடம்தான். அதேசமயம், ஒலியைச் சேர்த்துப் படித்துவிட்டால் பொருள் தானாக வந்துவிடாது. இங்கிலாந்துக் குழந்தை 'ஃபிஷ்' என்று உச்சரித்தவுடன் மீன் நினைவுக்கு வரும்; தமிழ்ச் சிற்றூர்க் குழந்தைக்கு அந்தச் சொல்லையே முதலில் பேச்சில் தந்திருக்க வேண்டும்.

கடைசியாக, யாருடைய உச்சரிப்பு? பயிற்சி நூல்கள் சொல்லும் 44 ஒலியன்கள் பிரிட்டனின் ஒருவகை உச்சரிப்புக்கு உரியவை: 24 மெய், 20 உயிர். நம் ஊரில் ஆங்கிலம் பேசும் பலரிடம் 'வி'யும் 'டபிள்யூ'வும் ஒரே வகரம். திராட்சைக் கொடியும் திராட்சை மதுவும் காதுக்கு ஒரே 'வைன்' ஆகவே கேட்கின்றன. பெரிய இழப்பொன்றும் இல்லை. கடலையும் காண்பதையும் ஒரே 'ஸீ'யாக ஒலித்துவிட்டு, எழுதும்போது மட்டும் பிரிக்க ஆங்கிலக் குழந்தைகளும் கற்றுக்கொள்கிறார்கள். ஆசிரியர் தாம் இயல்பாகப் பேசும் ஆங்கிலத்தின் ஒலிகளையே பிரித்துக் காட்டட்டும். ஆனால் இரு வகைப் ப-க்கள், ப–ஃப, ஸ–ஷ ஆகிய வேறுபாடுகள் இந்திய ஆங்கிலத்திலேயே ஏராளமான சொற்களைப் பிரிப்பவை. கிடைக்கிற சில மணி நேரக் கேட்புப் பயிற்சியில் இவற்றுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு, வி–டபிள்யூவை எழுத்துக்கூட்டல் பாடத்துக்குத் தள்ளிவைக்கலாம்.